பெரியப்பா பார்க்காத வாய்

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் நம் வயதுக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். அப்பளத்தைக்கூடக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டோம். அப்போது ஒருவர் தன் பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஜப்பான்காரன் காலத்துல பல்பொடி ஏது? கொய்யா இலையத்தான் மென்னோம். ஒரு பல்லு ஆடலையே."

மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

இன்னொருவர், படித்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதற்கு மேலே போனார். "இப்ப யூனிவர்சிட்டில அதையேதான் ஆராய்ச்சி பண்றாங்களாம். கொய்யா இலை, மங்குஸ்தீன் ஓடு, வெத்திலை, எல்லாத்துலயும் ஈறு நோய்க்கு மருந்து இருக்காம். நம்ம பெரியவங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க பாத்தீங்களா."

"இருக்கலாம்னு சொல்லியிருப்பாங்க," என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன்."

அதை அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது 'இருக்காம்'. ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு இலையைப் பிழிந்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அது ஈற்றுக்கு உதவக்கூடுமா என்று சோதித்து, 'உதவலாம்' என்று எழுதுகிறார்கள். அந்த 'லாம்' அவர்களுடைய நேர்மை. நீங்கள் அதைக் கறிவேப்பிலையைப் போல ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தை விழுங்குகிறீர்கள். பிறகு 'நம்ம பெரியவங்க' என்கிறீர்கள். உங்கள் பெரியவர்கள் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கொய்யா இலையைக் கண்டுபிடித்த பெரியவரைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதிவைக்கிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இளம்வயதில் வந்ததுதான் என்றாலும், இது அதற்கும் முந்தியது. அதனால் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். மற்றதற்கு நானும் 'லாம்' போடுவேன்.

மலாக்காவில், காஜா பேராங்கில் எங்களுடையது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீடு. அப்பா மலாக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பானியர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமில் போட்ட ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். ரயில் வராத ஊரில் டிக்கெட் கொடுப்பவருக்கு என்ன வேலை? அப்பா என்னையும் ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டினார். கட்டைகளைக் கிளப்பிய இடத்தில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் செம்மண் கலங்கிய மழைத்தண்ணீர். பல் பிடுங்கிய ஈறு எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அப்பா அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் தானாக முடிவுசெய்து நான் பார்த்ததில்லை. கொல்லையில் மரவள்ளி நட்டார். மற்ற எல்லாவற்றையும் தன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த அண்ணன், என் பெரியப்பா, ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் டிரசர். காயம் கட்டுவார், ஊசி போடுவார், மருந்து ஊற்றிக் கொடுப்பார். துரை ஓடிப்போய், மருந்து அலமாரி காலியானதும், டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் கம்பளித் துணியில் சுற்றிய பல் பிடுங்கும் குறடு ஒன்று இருந்தது. அதன் நாற்றம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: கார்பாலிக்கும் துருவும். அவர் அந்தத் தோட்டத்தில் எல்லா நோய்க்கும் ஒரே தண்ணீரைக் கொடுத்ததாகவும், காய்ச்சலுக்கு மட்டும் சாயத்தை மாற்றியதாகவும் பிற்காலத்தில் ஒருவர் சொன்னார். அது கேள்விப்பட்டது. நான் பார்த்ததே போதுமானது.

அவர் வந்த சமயம் தம்பி பிறந்திருந்தான். அம்மாவின் ஈறு அதற்கு முன்பே வீங்கத் தொடங்கியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது கறுத்தது. வெந்த மரவள்ளித் துண்டு வெள்ளைவெளேரென்று இருக்கும். அம்மா கடித்துவிட்டுத் தட்டில் வைத்தால் அதில் பல் வரிசை சிவப்பாகப் பதிந்திருக்கும், ரப்பர் முத்திரை குத்தியதைப் போல. காலையில் தலையணையில் துருப்பிடித்த கறை. கீழ் வரிசையில் ஒரு பல் ஆடத் தொடங்கியிருந்தது. வேளைக்கு வேளை மரவள்ளியும், ரேஷனில் கிடைத்த கொஞ்சம் புழுத்த அரிசியும் தின்ற காலம். பல்பொடி தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. அதன் டப்பாவை மட்டும், மூடியில் ரோஜாப்பூப் போட்டது, அம்மா அலமாரியில் வைத்திருந்தாள். திறந்தால் இன்னும் கொஞ்சம் கிராம்பு வாசனை வரும். நாங்கள் தேய்த்தது தேங்காய்ச் சிரட்டைக் கரியும், தெங்கேரா கடற்கரையில் கடல்தண்ணீரைக் காய்ச்சி எடுத்த சாம்பல் நிற உப்பும்.

டிரசர் ஒருவர் வீட்டோடு வந்து இறங்கினால் அது அதிர்ஷ்டம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி கணவனின் அண்ணன் முன்னால் நிற்கமாட்டாள். நேருக்கு நேர் பேசமாட்டாள். சிரிக்கவும் கூடாது, அவர் எதிரே வாயைத் திறப்பதே மரியாதைக் குறைவு. அதனால் பெரியப்பா என் அம்மாவின் வாய்க்கு வைத்தியம் பார்த்தார், அந்த வாயைப் பார்க்காமல். அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் அவர். அந்தப் பக்கம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. நடுவில் நான். எனக்கு ஒன்பது வயது.

"ஏ புள்ள, ஒங்கம்மாவ வாயத் தொறக்கச் சொல்லிப் பாரு. ஈறு என்னா நெறம்?"

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "கத்திரிக்கா நெறம், பெரியப்பா."

"பிஞ்சா, முத்தலா?"

"முத்தல்."

"அழுத்துனா?"

"ரத்தம் வருது."

"எவ்வளவு?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொல்வாள்: "மரவள்ளியக் கடிச்சா செவந்து போவுதுன்னு சொல்லு. ஒண்ணு ஆடுதுன்னும் சொல்லு."

அது அவர் காதில் விழும். விழுந்ததும் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் இரண்டு எட்டு வெளியே வந்து அதையே திரும்பச் சொல்லும்வரை காத்திருப்பார். சொன்ன பிறகுதான் "ஓ, ஆடுதா?" என்பார்.

இதை அந்த வீட்டில் ஒருவரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. அப்பா பக்கத்தில் கைகட்டி நின்றார். அம்மாவும் இதை ஒழுங்கு என்றுதான் நினைத்தாள். அந்தப் பணிவைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் தெரியவில்லை.

பெரியப்பாவின் வைத்தியம் ஒரே சொல்லில் நின்றது: துவர்ப்பு. ஈறு தளர்ந்திருக்கிறது, துவர்ப்பு கட்டும், ஆகவே துவர்க்கிறதெல்லாம் மருந்து. கொல்லையில் நின்ற கொய்யாவின் கொழுந்தில் தொடங்கினார். பிறகு காய்ந்த மங்குஸ்தீன் ஓடு. பிறகு வெற்றிலையோடு தின்னும் காசுக்கட்டி. பாக்கு, வாழைப்பூ, மாதுளைத் தோல். எதைக் கண்டாலும் இடித்துப் பொடியாக்கி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். அவர் நாக்கில் அல்ல, என் நாக்கில்.

"நாக்கு கட்டுதா?"

"கட்டுது, பெரியப்பா."

"அப்ப ஈறும் கட்டும்."

அந்த 'அப்ப'வுக்குள் அவருடைய மருத்துவம் முழுவதும் அடங்கிவிட்டது. மங்குஸ்தீன் ஓட்டின் கசப்பு சாயங்காலம்வரை போகாது. பல்லெல்லாம் செம்பழுப்பாகி நான் பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு ஜப்பானியப் பாட்டுப் பாடினேன். அம்மா காலையும் மாலையும் கொய்யாக் கொழுந்தை மென்றாள், காசுக்கட்டித் தண்ணீரில் கொப்பளித்தாள். ஒருவேளை அந்த இலையில் அவளுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருந்திருக்கலாம். வீக்கம் ஒருநாள் தணிவது போல இருக்கும், மறுநாள் தலையணை பழையபடி கறையாகும். வேறு வீடுகளிலிருந்தும் ஆட்கள் வாயைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் அதே இலை. கொய்யாமரம் கொழுந்தே விடாமல் மொட்டையாகிப்போனது. காய்த்திருந்த பழங்களை அவரே கழியால் தட்டி வேலிக்கு அப்பால் எறிந்தார். பிள்ளைகள் தின்றுவிட்டுச் சளி பிடித்து நிற்கும் என்பது அவர் கணக்கு.

இலை மருந்து. பழம் விஷம். அதற்குக் காரணம் பத்தியம்.

மருந்து என்று ஒன்று கொடுத்தால் அதோடு பத்தியமும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நம் ஆட்கள் அதை மருந்தாகவே மதிக்கமாட்டார்கள். பெரியப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். துவர்ப்பு கட்டும் என்றால் புளிப்பு அவிழ்க்கும். எனவே அம்மாவுக்குப் புளி ஆகாது, எலுமிச்சை ஆகாது, கொய்யாப்பழம் ஆகாது, நெல்லிக்காயைப் பெயர் சொல்லவே கூடாது. கீரையும் வாயு, வேண்டாம். மிஞ்சியது உப்புப் போட்டு அவித்த மரவள்ளி. அதைத் தின்றுகொண்டு அம்மா பால் கொடுத்தாள், கொழுந்து மென்றாள், ரத்தம் துப்பினாள். குணமாகவில்லை என்று நான் போய்ச் சொன்னால், "பத்தியத்துல எங்கயோ ஓட்ட இருக்கு, கேளு," என்பார். ஒருமுறை அம்மா ரசத்தில் புளியைக் காட்டியதாக ஒப்புக்கொண்டாள். அப்பா அவளை முறைத்தார். ஒரு வாரம் ரசமும் நின்றது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்காச் செட்டி வீடு, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறித் தமிழை மறந்துபோன குடும்பம். அந்த வீட்டு அம்மாளை அவர்கள் வீட்டில் அழைப்பதைப் போல நாங்களும் பீபி என்போம். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை, பேச்சு முழுவதும் மலாய். சாமி கும்பிடுவது எங்கள் சாமியைத்தான். அவள் எங்களைத் தோட்டத்து ஆட்கள் என்று இளக்காரமாகப் பார்த்தாள். நாங்கள் அவளைத் தமிழ் தெரியாதவள் என்று இளக்காரமாகப் பார்த்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அவள் வளர்த்த கஸ்தூரி எலுமிச்சையின் கிளை ஒன்று வேலி தாண்டி எங்கள் பக்கம் தொங்கியது. கோலிக்குண்டு அளவு காய், கிள்ளினால் கொல்லை முழுக்க மணக்கும்.

தினமும் விடிந்ததும் பெரியப்பா அந்தக் கிளையிலிருந்து கைநிறையக் காய் பறித்துத் தண்ணீரில் பிழிந்து குடிப்பார். அது அவருடைய பித்தத்துக்கு. ஈறு கெட்டவர்களுக்குத்தான் புளிப்பு ஆகாது, பித்தக்காரர்களுக்கு ஆகும். பிறகு வாயை அகலத் திறந்து, வந்திருக்கும் நோயாளிகளுக்குத் தன் ஈற்றைக் காட்டுவார். இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். "பாத்தீங்களா, கொய்யா எல," என்பார்.

அவர் கொய்யா இலை மென்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பீபிக்கு இந்தப் பத்தியம் எப்படியோ தெரிந்துபோயிற்று. கிணற்றடியில் என்னிடம் கேட்டாள். ஆசாம் என்றால் மலாயில் புளிப்பு. "உன் அம்மா ஆசாம் சாப்பிடுவதில்லையா?" இல்லை என்றேன். "பாத்துட்லா," என்று உதட்டைச் சுழித்தாள். அதுதான் இப்படி இருக்கிறாள் என்று அர்த்தம். அவள் மருத்துவம் பேசவில்லை. ஆசாம் இல்லாத சாப்பாட்டை மனிதர்கள் சாப்பிடுவார்களா, தோட்டத்து ஆட்களுக்கு நாக்கு எங்கே இருக்கிறது என்ற ஏளனம் அது. அதை மருத்துவ ஞானம் என்று நான் இப்போது ஏற்றிச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் அவள்தான் பிள்ளை பெற்றவளுக்கு என்று ஒருநாள் ஒரு பிடி மஞ்சக்கனியை வாழை இலையில் மடித்துக் கொடுத்தாள். சுண்டைக்காய் அளவில், முண்டும் முடிச்சுமாக, சாம்பல் நிறக் கொட்டைகள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏய், மாசிக்கா! இதத்தானே இவ்வளவு நாளாத் தேடுறேன். ஈறு கட்டுறதுக்கு இதுக்கு மிஞ்சின சாமான் ஒலகத்துலயே கெடையாது. எங்க கெடச்சிச்சு?"

"பீபி குடுத்தாங்க. அம்மாவுக்கு."

"அவளுக்கு என்னா தெரியும். குடு இங்க."

என் நாக்கில் வைத்துப் பார்க்கப்பட்டது. அதைப் போலக் கட்டியது வேறெதுவும் இல்லை. நாக்கைத் திருப்பிப் பேசவே முடியவில்லை. பெரியப்பா பாதியைத் தட்டிக் கொதிக்கவைத்து, நோயாளிகளுக்கு முன்மாதிரியாகத் தானே கொப்பளித்துக் காட்டுவதாகச் சொல்லி, செம்போடு கிணற்றடிக்குப் போனார். காலை நேரம். பீபியும் அவள் வீட்டுப் பெண்களும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, தொண்டை கரகரக்கக் கொப்பளித்தார். பீபி செம்புக்குள் எட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், என்னைக் கூப்பிட்டாள்.

"ஓராங் துவா பெரானாக் கா?"

அத்தனை பெண்களும் துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பாவுக்கு மலாய் அரைகுறை. துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னா சொல்லுறா?"

நான் எதையும் சரியாகச் சொல்லிப் பழகியிருந்தேன். அதுதானே என் வேலை. "நீங்க புள்ள பெத்திருக்கீங்களான்னு கேக்குறாங்க, பெரியப்பா."

மஞ்சக்கனி அந்த ஊர் மலாய், செட்டி வீடுகளில் பிரசவமான பெண்களுக்கு மட்டும் கொடுப்பது. தளர்ந்த உடம்பை இறுக்கிப் பழையபடி ஆக்க. எந்த இடத்தை என்பதை அப்பா அன்று பெரியப்பாவின் காதோடு சொன்னார். பெரியப்பாவின் முகம் செங்கல்லாகியது. செம்பிலிருந்ததை வாழைக்கு ஊற்றினார். மிச்சக் கொட்டைகளைப் பொறுக்கி ஒன்றுவிடாமல் கக்கூஸ் வாளியில் போட்டார். "பொம்பள சாமான். இனி இது இந்த வூட்டு வாசப்படி ஏறக்கூடாது."

மாசிக்காய் ஈற்றுக்கு நல்லது என்று அவர் சொன்னது பொய்யில்லை. நம் பூர்வீக ஊர்களில் பல பேர் அதை வாய்ப்புண்ணுக்கு வைத்திருந்தார்கள். அது அம்மாவுக்கு உதவியிருக்கலாம். இந்த 'லாம்' எனக்கு வேண்டும். அவர் பெயர் சொல்லிக் கண்டுபிடித்த ஒரே உருப்படியான மருந்தை, பெண்கள் சிரித்தார்கள் என்பதற்காகக் கக்கூஸில் போட்டார். நோய் அம்மாவுக்கு. அம்மா பெண். பெண்ணுடைய வாய்க்குப் பெண்களின் மருந்து ஆகும் என்பதை அவருக்கு எடுத்துச்சொல்ல அந்த வீட்டில் ஆண் ஒருவரும் இல்லை. அப்பாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அவமானப்பட்ட வைத்தியர் ஆயுதத்தை எடுப்பார். மறுவாரமே பெரியப்பா குறடை எடுத்தார். ஆடுகிற பல்லை விட்டுவைத்தால் பக்கத்துப் பல்லையும் ஆட்டிவிடும், ஒவ்வொன்றாக எல்லாம் போகும் என்றார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "வேணாம்னு சொல்லு. பாலு குடுக்குற ஒடம்பு, கொஞ்ச நாள் போவட்டும்னு சொல்லு," என்றாள். நான் வெளியே வந்து சொன்னேன். அவர் குறடைத் துணியில் துடைத்தார்.

"ஆடுறது எது? ஒன் வாயில தொட்டுக் காட்டு."

அவருக்கு எதிரே நின்று, என் கீழ் வரிசையில் வலதுபக்கம், முன்பல்லுக்கு அடுத்ததைத் தொட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஆடியதும் அதே பல், அதே பக்கம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வலது அவருக்கு இடதுபக்கம் தெரிந்தது. எத்தனையோ வருடம் நோயாளிகளுக்கு எதிரே நின்றவர். வலது இடது என்றால் நோயாளியின் வலது இடது என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. அதைக்கூட அவர் யோசிக்கவில்லை.

சரி, பல்லை யார் பிடுங்குவது? பெரியப்பா பார்க்கக் கூடாது. ஆகவே அப்பா பிடுங்கவேண்டும், பெரியப்பா அடுப்படிக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவேண்டும். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குச் சம்மதம். அன்று அது மரியாதையின் உச்சம் என்று கருதப்பட்டது.

மழை விட்ட காலை. கொல்லைக் கதவைத் திறந்துவைத்து, வெளிச்சம் விழும் இடத்தில் அம்மாவை மணையில் உட்காரவைத்தார்கள். தம்பி தூளியில். மரத்துப்போக ஊசி ஏது? ஒரு கிராம்பைக் கடிக்கக் கொடுத்தார்கள். அப்பா கையில் குறடு.

"கீழ் வரிச. எடது. முன்பல்லுக்கு அடுத்தது," என்றது கதவு.

அம்மா வாய்க்குள் குறடு இருக்கும்போதே தலையை ஆட்டினாள். விரலால் வலதுபக்கம் காட்டினாள்.

"அண்ணே, இவ இந்தப் பக்கம்ங்குறா."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"வலி ஒரு எடத்துல இருக்கும், வேரு ஒரு எடத்துல இருக்கும். நோயாளி சொல்லுறதக் கேட்டா வைத்தியம் நடக்குமா? எடதுன்னா எடது. ஆட்டி இழு."

"பெரியப்பா, வலதுதான். நான் வலதத்தான் காட்டுனேன்," என்று நான் கத்தினேன்.

"சின்னப்புள்ள, வாய மூடு."

அந்த வீட்டில் அன்று திறந்திருக்க அனுமதி பெற்றிருந்த வாய் ஒன்றுதான். அந்த வாயால் பேச முடியவில்லை.

அப்பா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தார், ஒரு நொடி கதவைப் பார்த்தார். பிறகு இழுத்தார். முதலில் வரவில்லை, ஏனென்றால் அது ஆடாத பல். ஈரமான கயிறு அறுபடுவது போன்ற ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை, தொடையில் அடித்துக்கொண்டாள். அப்பா அந்தப் பல்லை வாசலுக்கு வெளியே, டிக்கெட்டை நீட்டுவது போல, அண்ணனின் தோளுக்கு மேலாக நீட்டினார். சொத்தையில்லாத வெள்ளைப் பல். நீள வேர்.

பெரியப்பா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா, எம்மாம் நீட்டு. உள்ள இருந்திருந்தா மூளைக்கே ஏறியிருக்கும்."

அப்போதுதான் அம்மா எழுந்தாள். முந்தானை வழிய ரத்தம். கதவைத் தாண்டினாள். கணவனின் அண்ணன் அந்தப் பக்கம் இருக்கும்போது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தாண்டாத வாசல் அது. நாற்காலியைச் சுற்றி முன்னால் போய் நின்று, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்தாள். அவர் திடுக்கிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கையால் கண்ணை வேறு மறைத்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் பாருங்க," என்றாள் அம்மா. சொல் குழறியது. வலதுபக்கப் பல்லை விரலால் பிடித்து ஆட்டினாள். "ஆடுறது இது."

"தம்பி, ஒம்பொண்டாட்டிய உள்ளாரப் போவச் சொல்லு," என்றார் பெரியப்பா சுவரைப் பார்த்து. "வர வர மரியாதை தெரியல."

அப்பா குறடைப் பிடித்தபடியே நின்றார். அம்மா அவர் கையிலிருந்து குறடை வாங்கினாள். கொல்லைக்குப் போய் அதைக் கிணற்றில் போட்டாள். அதன் சத்தம் பல் வந்த சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. மரியாதை கெட்டுப்போன வீட்டின் கிணறு என்று பெரியப்பா ஆள் வைத்து அதை எடுக்கவில்லை. பீபி வீட்டார் எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அம்மா வேலியோரம் போனாள். எங்கள் பக்கம் தொங்கிய கிளையில் கை எட்டுகிற காயையெல்லாம் பறித்தாள். அது பெரியப்பாவின் பித்தத்துக்கு உரிய கிளை. பீபி அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பக்கத்துக் கிளை ஒன்றை இழுத்து வளைத்துப் பிடித்துக்கொண்டாள், அம்மா அதையும் பறிக்கும்வரை. அம்மா அவித்த மரவள்ளியில் எலுமிச்சையைப் பிழிந்தாள், பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். அடுப்படியில் அல்ல, பெரியப்பாவின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிடுங்கிய குழியில் புளிப்புப் பட்டு ஒவ்வொரு வாய்க்கும் கண்ணீர் கொட்டியது. நிறுத்தவில்லை. பெரியப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தத் தாள் ஒரு வாரம் பழையது.

அதற்குப் பிறகு அம்மா தினமும் எலுமிச்சை தின்றாள், கீரை தின்றாள், பீபி கொடுத்த ஊறுகாயைத் தின்றாள். இலையை விட்டுவிட்டாள். கத்திரிக்காய் நிறம் மெல்ல இறங்கியது. மரவள்ளியில் முத்திரை விழுவது நின்றது. ஆடிய பல் கொஞ்சம் கொஞ்சமாக நின்ற இடத்தில் நின்றது. பழத்திலும் கீரையிலும் இருக்கும் ஒரு சத்து இல்லாவிட்டால் ஈறு அப்படி அழுகும் என்று பின்னாளில் படித்தேன். எலுமிச்சையால்தான் ஆறியது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பிரசவ உடம்பு தானாகத் தேறியிருக்கலாம். ஆனால் பெரியப்பா சத்தியம் செய்தார். வருகிறவர்களிடமெல்லாம், "தம்பி சம்சாரத்துக்கு வாயெல்லாம் அழுவிப் போச்சு. கெட்ட பல்ல ஒண்ணு எடுத்தேன். கொய்யா எல குடுத்தேன். இப்பப் போயிப் பாருங்க," என்றார். போய்ப் பார்த்தவர்கள் ஈறு நன்றாக இருப்பதைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய் இலையைப் பறித்தார்கள். உங்களுடைய 'நம்ம பெரியவங்க' இப்படித்தான் உண்டாகியிருப்பார்கள். உண்டாகியிருக்கலாம்.

இலையின் மேல் எனக்குப் பகையில்லை. அதற்குள் என்ன இருக்கிறதோ அதைச் சோதிக்கிறவர்கள் சோதித்துச் சொல்லட்டும். அவர்களாவது வாயைத் திறந்து பார்க்கிறார்கள்.

யுத்தம் முடிந்ததும் பெரியப்பா தோட்டத்துக்குத் திரும்பிப்போனார். புது மருந்து அலமாரி கிடைத்தது. புதுக் குறடும் கிடைத்திருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டிருந்தாள். தட்டை அவளே கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பாள், உதட்டை மூடாமல், எல்லாப் பல்லும் தெரிய. இடதுபக்கம் முன்பல்லுக்கு அடுத்து ஒரு கறுத்த சந்து. வலதுபக்கம் ஆடிய பல் கெட்டியாக இருந்தது. அவள் சிதைக்குப் போகும்வரை அது அவளோடு இருந்தது.

"சாப்புடுங்க," என்பாள்.

அவர் முறுக்கை எடுத்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கடைசித் தீபாவளி வரைக்கும் காலண்டரைத்தான் பார்த்தார்.